பச்சை பூத்த கனெக்டர்

காரில் கோளாறு தெரிகிற இடம் ஒன்று. அது குடியிருக்கிற இடம் வேறு. முன்சீட்டை நகர்த்தியதும் ஏர்பேக் விளக்கு எரிந்தால், பெரும்பாலும் சீட்டுக்கு அடியில் உள்ள மஞ்சள் கனெக்டர்தான் தளர்ந்திருக்கும். இடது பக்கம் கால் வைக்கிற இடம் ஈரமானால் மழைத்தண்ணீர் என்று நினைத்துக் கதவு ரப்பரை மாற்றுகிறார்கள், ஏ.சி. தண்ணீர் வெளியே சொட்ட வேண்டிய குழாய் தூசியில் அடைபட்டிருக்கும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிகிறதா? பல்பை விட்டுவிட்டு முதலில் பின்விளக்கின் எர்த் வயரைப் பாருங்கள். மேற்குத் தாம்பரத்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக ஒரு வாழ்நாளைக் கழித்த எனக்கு இந்த ஒரு விஷயம் வண்டியைத் தாண்டியும் பயன்பட்டிருக்கிறது. வீட்டில் ஒரு பிள்ளை காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், அந்த நேரத்துச் சண்டையை விட்டுவிட்டு முந்தைய வாரம் என்ன நடந்தது என்று தேடிப் போவேன். அப்படித் தேடும் பழக்கம் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கற்றது.

வேலை பழக வந்த பையன்களுக்கு டெஸ்ட் லேம்ப்பைக் கையில் கொடுப்பதற்கு முன், கேள்வி கேட்கத்தான் சொல்லிக்கொடுத்தேன். எப்போது தொடங்கியது? மழையிலா, வெயிலிலா? மேடு பள்ளத்தில் மட்டும் வருகிறதா? அதற்கு முன் வண்டியில் யாராவது எதையாவது புதிதாக மாட்டினார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு நேரான பதில் கிடைப்பது அரிது. மைத்துனர் வாங்கித் தந்த பெரிய ஹாரன், மகன் ஆன்லைனில் வாங்கி ஒட்டிய எல்.ஈ.டி. பட்டை, பேரன் சீட்டில் கொட்டிய பால் இவற்றையெல்லாம் சொல்லத் தயங்குவார்கள். பழி தன் மேலோ தன் பிள்ளை மேலோ வந்துவிடும் என்ற பயம். அதனால் 'யார் செஞ்சது' என்று கேட்காதே தம்பி, 'என்ன நடந்தது' என்று கேள் என்பேன். கேட்கிற குரலில் அதட்டல் இருந்தால் எதிரில் நிற்பவர் வாயை மூடிக்கொள்வார். அப்புறம் நாள் முழுக்க நாம் டேஷ்போர்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். கணவன் மனைவிக்குள்ளும், ஆபீசில் மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் நடுவிலும் இதுதான் நடக்கிறது. பயந்தவரிடமிருந்து உண்மையை வாங்க முடியாது.

இந்தப் பக்கத்துக்குக் கார் தொழில் பழையது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1961-லிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு அங்கேதான் உருவாயிற்று. பிறகு கெசல் வந்தது. 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 வந்தது. எண்பதுகளின் கடைசியில் உற்பத்தி நின்றுபோனது. ஹெரால்டின் பானட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாக அப்படியே கவிழ்ந்து திறக்கும். எஞ்சின், வயர், முன்சக்கரம் எல்லாம் வெளியே தெரியும். சுற்றி நின்று பார்த்தாலே பாதி வேலை பிடிபட்டுவிடும். ஃபியூஸ்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொரு வயரும் எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேர்கிறது என்று கையால் தடவிக்கொண்டே போகலாம்.

இன்றைய காரில் அது முடியாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு ஃபியூஸ் பெட்டி, பானட்டுக்குள் இன்னொன்று, கதவுக்கும் விளக்குக்கும் வைப்பருக்கும் தனியாக ஒரு கம்ப்யூட்டர், எஞ்சினுக்கு வேறொன்று. ஸ்கேனரை மாட்டினால் கோடு நம்பர் வரும். எந்தச் சர்க்யூட்டில் குறை என்பதை நம்பர் சொல்லும். அந்தச் சர்க்யூட்டில் எந்த இடத்தில் என்பதைக் கண்ணும் கையும் மல்டிமீட்டரும்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவசரக்கார மெக்கானிக் கோடில் சென்சார் பெயர் வந்ததும் சென்சாரையே மாற்றிவிடுகிறார். கஸ்டமர் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துப் புதுச் சென்சார் வாங்கிய பிறகும் விளக்கு எரிகிறது, ஏனென்றால் எலி கடித்த வயர் அப்படியே கிடக்கிறது. எளியதிலிருந்து தொடங்குங்கள் என்று நான் சொல்வது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை. எளியதை முதலில் பார்ப்பவன் ஒன்றையும் உடைக்காமல் தேடுகிறான்.

முதலில் பேட்டரி. எஞ்சின் ஓடாமல் ஓய்ந்திருக்கும்போது நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் இருக்கும். ஓடும்போதும் 12-லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. எத்தனை புதுப் பேட்டரி போட்டாலும் டவுன் ஆகும். டெர்மினலில் வெள்ளையும் நீலமுமாகப் பூத்திருந்தால் அதைச் சுத்தம் செய்து இறுக்கினாலே 'செல்ஃப் எடுக்கல' என்று வந்த வண்டிகளில் பல கிளம்பிப் போய்விடும். 2020 ஊரடங்கில் சேலையூரிலும் செம்பாக்கத்திலும் அபார்ட்மென்ட்டுக்குக் கீழே நின்ற இடத்திலேயே வண்டிகளின் பேட்டரிகள் செத்தன. ஓடாமல் நிற்கும் காரிலும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கும் என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

அடுத்தது ஃபியூஸ். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. எந்த நிறம் போனதோ அதே நிறத்தைத்தான் போட வேண்டும். போன் சார்ஜர் மாட்டும் சாக்கெட்டுக்குள் ஒரு ரூபாய்க் காசு விழுந்தாலே ஃபியூஸ் போய்விடும். காசை எடுக்காமல் புது ஃபியூஸ் போட்டால் அதுவும் போகும். அப்போது ஒருவர் 15 இருந்த இடத்தில் 30 போடுவார். இன்னொருவர் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகுவார். அந்த வண்டியில் இனி ஷார்ட் ஆனால் உருகப்போவது வயர். டேஷ்போர்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக்கும் ஃபோமும் துணியும் நெருக்கமாக இருக்கிற இடத்தில் அது சூடேறும். ஃபியூஸ் போவது கோளாறு இல்லை. தன்னை அழித்துக்கொண்டு வண்டியைக் காப்பாற்றுகிறது. அப்படிப்பட்டவர்கள் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். வீட்டில் ஏதோ சரியில்லை என்பதை முதலில் உணர்ந்து அழுபவரை 'எப்பப் பார்த்தாலும் இவளுக்கு அழுகை' என்று ஒதுக்குகிறோம். அவர் தாங்குகிற அளவு குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எதைத் தாங்க வைத்தோம் என்று பார்க்க வேண்டும்.

சீட் பெல்ட் விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. 2019 ஜூலை முதல் தயாரான கார்களில் ஓட்டுநருக்கும் பக்கத்தில் உட்காருபவருக்கும் பெல்ட் போடாவிட்டால் எச்சரிக்கை ஒலி கட்டாயம். அந்த ஒலியை நிறுத்துவதற்காக, பெல்ட்டே இல்லாமல் பக்கிளில் செருகும் இரும்புத் துண்டைக் காசு கொடுத்து வாங்கினார்கள் நம் மக்கள். அதைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் ஐந்து பெரிய ஆன்லைன் விற்பனை நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. இன்றும் சில வண்டிகளில் அந்தத் துண்டு செருகியிருப்பதைப் பார்க்கிறேன். கழற்றி உரிமையாளர் கையில் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடங்குவேன்.

பெல்ட் போட்டும் ஒலி நிற்கவில்லையா, அதற்குக் காரணம் இருக்கிறது. பக்கிளுக்குள் பிஸ்கட் தூளோ காசோ விழுந்து உள்ளே இருக்கும் சிறு சுவிட்ச் அழுந்தாமல் இருக்கும். காண்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்யலாம். எண்ணெய் விடாதீர்கள், தூசி இன்னும் ஒட்டும். யாரும் உட்காராத பக்கத்துச் சீட்டுக்காக ஒலித்தால் அங்கே மடிக்கணினிப் பையோ அரிசிப் பையோ இருக்கும். எடை உணரும் சென்சார் ஆள் என்று நினைத்துக்கொள்கிறது. பையை இறக்கிக் கீழே வையுங்கள். பெல்ட் மெல்லச் சுருண்டால் வியர்வையும் அழுக்கும் பட்டையில் ஏறியிருக்கிறது. முழுக்க வெளியே இழுத்து, லேசான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளே விடுங்கள். நூல் பிரிந்த பட்டையை மட்டும் தைத்து ஒப்பேற்றாதீர்கள், மாற்றுங்கள்.

பின்சீட்டின் நிலை இதைவிட மோசம். சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போய் அழகான சீட் கவர் தைத்துப் போட்டுக்கொண்டு வருவார்கள். பின்சீட்டு பக்கிள்கள் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே கார் விபத்தில் இறந்தபோது, பின்சீட்டில் இருந்த அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸ் தெரிவித்தது. அந்தச் செய்தி வந்த வாரம் சிலர் தங்கள் வண்டியின் பின் பக்கிளைத் தேடிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். அந்த அக்கறை அந்த வாரத்தோடு முடிந்திருக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவில் பெல்ட் போடாததற்கு ஆயிரம் ரூபாய் அபராதம் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குப் பயந்து பெல்ட் போடுகிறவரைக் குறை சொல்ல மாட்டேன். எப்படியோ போட்டால் சரி. சீட் கவரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள வண்டிக்கு, அந்த இடம் விரிந்து கொடுக்கும்படி தைத்த கவர்தான் போட வேண்டும். தடித்த ரெக்ஸினால் இறுக்கித் தைத்தால் ஏர்பேக் சரியான நேரத்தில், சரியான பக்கம் விரியாமல் போகலாம். சீட்டுக்கு அடியில் உள்ள ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரை வீட்டில் யாரும் தொட வேண்டாம். பேட்டரி வயரைக் கழற்றி, சில நிமிஷம் பொறுத்து, தெரிந்தவர்தான் அதில் கை வைக்க வேண்டும்.

இனி வெள்ளம். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலை வரை தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரித் தண்ணீரும் சேர்ந்து அடையாற்றில் இறங்க, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மேற்குத் தாம்பரத்தின் தாழ்ந்த தெருக்களிலும் படகு ஓடியது. கார்கள் கூரை மட்டும் தெரிய நின்றன. சில மிதந்துபோய் அடுத்த வீட்டுச் சுவரில் சாய்ந்தன. தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் செய்தது ஒரே காரியம்: சாவியைப் போட்டுத் திருகிப் பார்த்தார்கள். அதுதான் பல வண்டிகளைக் கொன்றது. சிலிண்டருக்குள் போன தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. செல்ஃப் அடித்ததும் பிஸ்டன் அதில் மோதி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாவியைத் தொடாமல் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துவந்தவர்களின் எஞ்சின் பிழைத்தது. இன்ஷூரன்ஸிலும் இது பெரிய வித்தியாசம். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால், எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசி இல்லாதவர்களுக்கு அந்தச் செலவு கிடைப்பது கடினம்.

எஞ்சினைவிட எங்களுக்கு வேலை வைத்தது வண்டியின் உட்புறம். சீட்டுகளை எல்லாம் கழற்றி வெளியே எடுக்க வேண்டும். கார்ப்பெட்டைத் தூக்கினால் அதற்கு அடியில் ஃபெல்ட்டும் ஃபோமும் இருக்கும். மேலே காய்ந்துவிட்டது என்று நம்பி விட்டால், கீழே வாரக்கணக்கில் தண்ணீர் நிற்கும். அந்த மாதம் மேற்குத் தாம்பரத்தில் பல வீட்டு மொட்டை மாடிகளில் பாய், மெத்தை, பள்ளிப் புத்தகங்களோடு கார் சீட்டுகளும் காய்ந்துகொண்டிருந்தன. சாக்கடை கலந்த தண்ணீர் என்பதால் நாற்றம் போக, ஃபோமைக் கழுவிக் கழுவி வெயிலில் வைத்தோம். கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சுத்தமான தண்ணீரால் சேற்றைக் கழுவி, காற்றடித்து, காண்டாக்ட் கிளீனர் போட்டோம். அதிக நாள் பிடிக்கும் வேலை. பொறுமை இல்லாதவர்கள் மேலே துடைத்து, வாசனை அடித்து, பொங்கலுக்கு ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். வண்டி ஓடியது. எல்லாம் சரியாகிவிட்டது என்றே தெரிந்தது.

பங்குனி, சித்திரையில் திரும்பி வரத் தொடங்கினார்கள். மழையே இல்லாமல் வைப்பர் ஓடுகிறது. கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்கின்றன. ஒரு ஜன்னல் இறங்குகிறது, ஏற மறுக்கிறது. மீட்டர் போர்டில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைகின்றன. கால் வைக்கும் பக்கத்துப் பிளாஸ்டிக்கைக் கழற்றி உள்ளே இருக்கும் கனெக்டரைப் பிடுங்கிப் பார்த்தால், செம்பு பின்களில் பச்சை பூத்திருக்கும். தண்ணீர் போன பிறகும் தங்கிவிட்ட ஈரமும் உப்பும் நான்கு மாதமாக உள்ளே தின்றுகொண்டிருந்தன.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் அப்படி வந்தார். வண்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன், அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பச்சை பூத்த கனெக்டரைக் காட்டி, "தண்ணி வடிஞ்சப்பவே இதைப் பார்த்திருக்கணும் சார், இப்ப பரவிடுச்சு" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் அழத் தொடங்கினார். வெள்ளத்தில் அவர்கள் வீட்டுத் தரைத்தளம் முழுக்கப் போயிருந்தது. கல்யாண ஆல்பம், இறந்துபோன மகளின் பள்ளிக்கூட நோட்டுகள் எல்லாம் சேறாகிவிட்டன. டிசம்பரில் தெருவுக்கே சோறு பொங்கிப் போட்டவர் அவர். அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. பிரிட்ஜும் கட்டிலும் புதிதாக வாங்கியாகிவிட்டது, உறவினர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், இனிக் கேட்க யாரும் இல்லை என்ற நேரத்தில்தான் அது வெளியே வந்தது. அன்றிலிருந்து, துக்கம் நடந்த வீட்டுக்கு நான் இரண்டு முறை போகிறேன். பதினாறாம் நாளுக்கு எல்லாரும் போவார்கள். மூன்று நான்கு மாதம் கழித்து, சும்மா ஒரு சாயங்காலம், காரணம் எதுவும் சொல்லாமல் இன்னொரு முறை போவேன். பேச வேண்டியவர்கள் அப்போதுதான் பேசுகிறார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரி, மறுபடியும் முடிச்சூர் எல்லாம் தண்ணீரில் நின்றன. அடுத்த ஆண்டு அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவர்களைச் சிலர் கேலி செய்தார்கள். எனக்கு அதில் கேலி செய்ய ஒன்றும் தெரியவில்லை. மாதத் தவணை கட்டிக்கொண்டு ஒரு வண்டி வைத்திருக்கிறவர், முன்பு பட்டதை நினைவில் வைத்து, அது வருவதற்கு முன்பே எழுந்து போயிருக்கிறார். ஏரிக்கரையிலும் சதுப்பு நிலத்திலும் வீடு கட்டிக் குடியேறிய ஊர்களில், தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வரும்போது மேட்டுக்கு ஓடுவதைத் தவிர வேறு வழியை அவர்களுக்கு யாரும் காட்டவில்லை.

எலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காலி மனைகளும் புதரும் உள்ள தெருக்களில், வைப்பருக்குக் கீழே உள்ள இடுக்கு வழியாக ஏறி ஏ.சி. ஃபில்டரைத் தின்றுவிட்டு வயருக்கு வரும். புகையிலையைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள்; வாசனை போனதும் எலி திரும்பிவிடுகிறது. காற்று போகும் வழிக்குக் கம்பி வலை, வண்டிக்குள் தின்பண்டம் இல்லாமல் பார்த்துக்கொள்வது, ஓடாத வண்டியையும் இரண்டு நாளைக்கு ஒருமுறை பானட்டைத் திறந்து பார்ப்பது இவைதான் நான் பார்த்தவரை பலன் தந்தவை.

பழைய கார் வாங்குகிறவர்கள் என்னை அழைத்துக்கொண்டு போவதுண்டு. பெரும்பாலும் ஒரு அப்பா, பக்கத்தில் மகள். சோழிங்கநல்லூரில் வேலை, இரவு திரும்ப நேரமாகிறது, ஒரு வண்டி வேண்டும். பெயின்ட் பளபளப்பாக இருக்கும், சீட் கவர் புதிதாக இருக்கும். நான் முதலில் சீட் பெல்ட்டை அதன் முடிவு வரை வெளியே இழுப்பேன். எப்போதும் உள்ளே சுருண்டிருக்கிற அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு இருந்தால், எந்த உயரம் வரை தண்ணீர் நின்றது என்பது தெரிந்துவிடும். பிறகு சீட்டைத் தாங்கும் தண்டவாளத்தின் போல்ட்டுகள். உட்புறத்தில் இருக்கிற போல்ட் துருப்பிடிக்க ஒரு காரணமும் இல்லை. பிடித்திருந்தால் கேள்வி கேளுங்கள். ஸ்பானர் பட்ட தடம் இருந்தால் சீட்டை யாரோ கழற்றியிருக்கிறார்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் வண்டல் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி மோந்து பாருங்கள். எல்லா ஜன்னலையும் எல்லா விளக்கையும் இரண்டு முறை போட்டு அணையுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி என்றாலே வாங்கக் கூடாது என்று நான் சொல்வதில்லை. ஒழுங்காகப் பிரித்துச் சுத்தம் செய்த வண்டிகள் இன்னமும் ஓடுகின்றன. விற்கிறவர் அதைச் சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான். 2016-இல் ஒருவர் தன் காரை விற்கும்போது, 'தண்ணியில நின்னதுன்னு சொல்லிடாதீங்க அண்ணே' என்று கேட்டுக்கொண்டார். அவருக்கும் வீடு போயிருந்தது, பணம் தேவைப்பட்டது. அது எனக்குத் தெரியும். நாங்கள் மாற்றிய கனெக்டர்கள், கழுவிய ஃபோம், புதிதாகப் போட்ட கண்ட்ரோல் யூனிட் எல்லாவற்றையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி, "இதை வாங்குறவர்கிட்ட நீங்களே குடுங்க" என்று அவரிடமே கொடுத்தேன். இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்தார். மூன்றாம் நாள் வாங்குகிறவரையே கடைக்கு அழைத்துவந்து, என் முன்னாலேயே தாளைக் கொடுத்தார். அந்த இளைஞர் ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒவ்வொன்றும் எந்த இடம் என்று காட்டச் சொன்னார். காட்டினேன். பேசியதில் இருபதாயிரம் குறைத்துக்கொண்டு வாங்கிப் போனார்.